பின்வளவுப் புகை

போன மாதம் எங்கள் பழைய கணக்கெடுப்புக் கந்தோரிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் என்னைத் தேடி வந்தார். கந்தோர் மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டுமாம். பேச்சோடு பேச்சாகத் தன் கைத்தொலைபேசியில் மட்டக்களப்பு நகரத்தின் படம் ஒன்றைக் காட்டினார். குறிச்சி குறிச்சியாக நிறம் தீட்டியிருந்தது. வசதியான இடம் பச்சை, நடுத்தரம் மஞ்சள், பின்தங்கிய இடம் சிவப்பு. வறுமை கூடக் கூடச் சிவப்பும் கறுத்துக்கொண்டு போனது. எல்லாம் கணினி போட்டுத் தந்தது, நாங்கள் கையே வைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அதுதானே பிள்ளை பிரச்சினை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தேத்தண்ணி கொண்டுவந்த என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அடக்கிக்கொண்டேன்.

அமிர்தகழிக்குப் போகும் பாதையில், வாவிப் பக்கமாக ஒரு சின்னத் துண்டு அந்தப் படத்தில் நல்ல அடர்சிவப்பாகத் தெரிந்தது. எங்கள் காலத்துத் தாள்களில் அது ஏழாம் குறிச்சி. அதன் சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் எழுதுவதில்லை என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் எழுதுவினைஞர் சோதனை எழுதி வேலைக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். புளியந்தீவில் பிறந்தவள், மெதடிஸ்தக் குடும்பம், அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர். கொழும்பில் சில கிழமை வகுப்பு நடந்தது. விகிதம், சராசரி, எப்படிக் கேள்வி கேட்பது, எப்படிக் கேட்கக் கூடாது. படிப்பித்தவர் ஒரு நாளாவது யாருடைய வேலிக் கடப்பையாவது திறந்து உள்ளே போனவரா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஊருக்குத் திரும்பியதும் ஒரு குடையும் ஒரு தோல்பையும் தந்து வீதியில் இறக்கிவிட்டார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் பிரிவுக்கு ஒரு புது வேலை வந்தது. நகரத்தையும் அதை ஒட்டிய இடங்களையும் குறிச்சிகளாகப் பிரித்து, எது அதிகம் பின்தங்கியது என்று வரிசைப்படுத்த வேண்டும். வரிசையில் அடியில் நிற்கும் குறிச்சிக்கு முதலில் பொதுக்கிணறு. அதற்கென்று தலைமைக் கந்தோரில் ஒரு புள்ளித்தாள் தயாரித்திருந்தார்கள். கல்சுவருக்கு இவ்வளவு புள்ளி, ஓட்டுக்கூரைக்கு இவ்வளவு, சீமெந்து நிலத்துக்கு, கக்கூசுக்கு, சைக்கிளுக்கு, வானொலிப் பெட்டிக்கு என்று தனித்தனியாக. கூட்டினால் வீட்டின் புள்ளி. வீடுகளைக் கூட்டிப் பிரித்தால் குறிச்சியின் புள்ளி. பார்க்க வெகு சுத்தமான ஏற்பாடு.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சவரிமுத்து ஐயா. மன்னார்ப் பக்கத்து ஆள், மெலிந்த நெடிய உருவம். கோபித்து யாரும் பார்த்ததில்லை. நாங்கள் நிரப்பிக் கொடுத்த தாளை அடிமட்டம் வைத்து வரி வரியாக வாசிப்பார். சரியென்றால் சிவப்பு மையால் ஒரு சின்னக் கோடு. சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து வந்து அந்தத் தாளை எங்கள் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். கவிழ்த்து வைத்தால் இன்னொரு தரம் அந்த வீட்டுக்குப் போ என்று அர்த்தம். ஏன், எது பிழை என்று கேட்டால், “போய்ட்டு வாங்கோ, தெரியும்” என்பார். வெயிலில் குடையோடு திரும்ப நடக்கும்போது நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. போய்ப் பார்த்தால் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அவர் தந்த பழக்கங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் கேட்க வேண்டும். அதைக் குடித்து முடிக்கும்வரை பையிலிருந்து தாளை எடுக்கக் கூடாது. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் ஆட்கள் கௌரவமாக ஒரு பதில் சொல்வார்கள். குடிக்கக் கேட்டால் தண்ணீரே வந்து பதில் சொல்லும் என்பது அவர் எண்ணம். உடனே வருகிறதா, சுணங்கி வருகிறதா, யாராவது குடத்தோடு வேலியால் ஓடுகிறார்களா, உப்புக் கரிக்கிறதா. எழுதுவதும் வீட்டுக்குள் கூடாது. கடப்பைத் தாண்டி வந்து மரநிழலில் நின்று எழுத வேண்டும். ஆட்களுக்கு முன்னால் பேனையைத் திறந்தால் அவர்கள் பேனைக்குத்தான் பதில் சொல்வார்கள் என்பார்.

அந்தப் புள்ளித்தாளின் லட்சணத்தை எனக்கு முதலில் காட்டியவர் ஒரு போடியார். நகரத்து ஓரத்தில் மண்சுவர் வீடு, மேலே தென்னங்கிடுகு, சாணம் மெழுகிய நிலம். சைக்கிள் இல்லை, வானொலி இல்லை. பரம ஏழை என்று கணக்கு வந்தது. தாள் கவிழ்ந்தது. திரும்பப் போனபோதுதான் தெரிந்தது, அவர் போடியார் என்ற பெயருக்கேற்ற பெரிய நிலக்காரர், மூன்று வட்டையில் வயல், வேளாண்மை வெட்டினால் நெல்லை வைக்க இடமில்லை. ஓட்டு வீட்டில் படுத்தால் உடம்பு அவிகிறது என்று கிடுகிலே இருக்கிறார். என் தாளில் அவர் எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தண்ணீருக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர் தந்து அனுப்பினார்.

போடியார் விஷயம் சிரித்துவிட்டுப் போகலாம். ஏழாம் குறிச்சி அப்படியில்லை.

அதற்கு முன் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளைக் கட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவான். இருந்த கல்வீட்டை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்கிவிடுவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. ஒரு மனிதனுக்கு நான்கு பெண்கள் என்றால் அவன் சாகும்வரை கல்லும் மண்ணும்தான் சுமப்பான். எங்கள் வீட்டிலும் என் பெயரில் ஓர் அத்திவாரம் புல் முளைத்துக் கிடந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் உள்ளே போய்விடுவேன்.

ஆக, நான் இந்த வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்தவள். அப்படியிருந்தும் ஏழாம் குறிச்சிக்கு முதல் தரம் போனபோது நேரே முன்வாசலால் போய், கல்சுவரையும் ஓட்டையும் பார்த்துப் புள்ளி போட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளவிலும் முன்னால் ஒரு நல்ல வீடு. கதிரை போட்டு இருக்கச் சொன்னார்கள். கனகம்மா அக்கா என்பவரின் வீட்டில் பால் விட்ட தேத்தண்ணி, சீனியும் தாராளமாய். அவருடைய புருசன் தம்பிராசா மேசன் வேலை செய்பவர். வீடு அவர் கையால் கட்டியது, மூலை பிசகாத சுவர். நாங்கள் எல்லாரும் இந்த வீட்டில்தான் என்றார் அக்கா. தண்ணீர் மட்டும் வரச் சுணங்கியது. கடைசிப் பெண் குடத்தோடு எங்கேயோ போய் வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

கணக்குக் கூட்டியபோது ஏழாம் குறிச்சி வசதியான குறிச்சிகளோடு சேர்ந்து நின்றது. கிணறு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

ஐயா அந்தக் குறிச்சித் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கவிழ்த்து வைத்தார். இந்தமுறை எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்றா இரண்டா, முழுக் குறிச்சியுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உப்புத் தண்ணீரில் இருந்துகொண்டு இத்தனை பேர் கல்வீடு கட்டியிருக்கிறார்கள், அந்த வசதி உள்ளவர்கள் நல்ல தண்ணீருக்கு ஏன் கோயில் பக்கம் வரை குடம் தூக்குகிறார்கள் என்று என்னையே கேட்டார். பிறகு, “முன்னால போனது காணும் பிள்ளை. பின்னால ஒருக்காப் போய்ட்டு வாங்கோ” என்றார்.

வாவிக் கரையோரமாக, கண்ணாப் பற்றைகளுக்கு இடையால் நடந்து பின்வேலிப் பக்கம் போனேன். வளவு வளவாக வேறு ஒரு ஊர் அங்கே இருந்தது. கல்வீட்டின் முதுகில் சாய்த்து இறக்கிய பத்திகள், கிடுகும் சாக்கும் தகரமுமாக. கனகம்மா அக்காவின் பின்வளவில் மூன்றாவது மகளுக்கென்று எழுப்பிய வீடு யன்னல் மட்டத்தில் நின்றுபோய்ச் செடி முளைத்துக் கிடந்தது. அதன் சுவரில் சாய்த்த ஒரு பத்திக்குள் கனகம்மா அக்கா குந்தியிருந்து பாய்க்குப் பன்புல் கிழித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். முகம் இறுகிவிட்டது.

“முன்னால வந்தா வீடு. பின்னால வந்தா நாங்க. நீ ஏன் புள்ள பின்னால வந்த?” என்றார்.

நான் குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை. வேலிக்கரையில் இருவரும் நின்றோம். அவரே சொன்னார். முன்வீடு மூத்தவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. அடுத்தவளுக்குப் பக்கத்து வளவில் கொடுத்தாகிவிட்டது. இப்போது மூன்றாவதுக்குச் செங்கலடியில் பேசுகிறார்கள். மாப்பிள்ளை யாரென்றால் எங்கள் கந்தோர்ப் பியோன் சின்னத்தம்பி அண்ணனின் மனைவியுடைய தமக்கை மகன். கல்யாணத்துக்கு முன் வீட்டை முடித்துக் கூரை போட்டுத் தருவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெற்றவர்களே பத்திக்குள் கிடக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வாக்கை யார் நம்புவார்கள்?

“நீ குடில் எண்டு எழுதினா அது அண்டைக்கே செங்கலடிக்குப் போயிரும். மறுகா இந்தப் புள்ளய ஆர் கேப்பான்? ஓட்டு வீடு எண்டே எழுது. தண்ணி நாங்க தூக்கிக் குடிப்பம். தூக்கிப் பழகின ஆக்கள்தானே.”

யாருடைய பெயரும் எழுதமாட்டேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை முழு மனதோடுதான் சொன்னேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு பக்கம், அந்தக் குறிச்சிப் பெண்கள் அத்தனை பேரின் குடம் சுமக்கும் இடுப்பு மற்றப் பக்கம். இரண்டில் எதையும் விட எனக்கு மனமில்லை.

ஐயாவிடம் ஆள் பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து அறிவுறுத்தல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று அதில் தெளிவாக இருந்தது. கல்வீட்டு மகளுக்கு ஓர் அடுப்பு, பின்பத்தித் தாய்க்கு ஓர் அடுப்பு. சட்டப்படி அவை இரண்டு குடும்பம், இரண்டு கூரை, இரண்டு தாள். முன்வீட்டுக்கு மட்டும் புள்ளி போட்டதுதான் பிழை. ஆனால் அடுப்பு எத்தனை என்று கேட்டால் ஒன்று என்றுதான் சொல்வார்கள் என்றேன்.

“கேக்க வேண்டாம். கேட்டால் பொய் சொல்ல வைக்கிறம். காலமை புகையைப் பாப்பம்” என்றார் ஐயா.

வாவியிலிருந்து பார்த்தால் அந்தக் குறிச்சியின் பின்வளவு முழுவதும் தெரியும். மீன்பிடித் தோணிகள் போய்வருகிற இடம், இன்னொரு தோணி போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் விடியற்காலையில் பெண்கள் கரைக்கு இறங்குவார்கள். அதனால் அந்த நேரம் கூடாது, வெயில் ஏறத் தொடங்கி அடுப்பு மூட்டும் நேரத்துக்குத்தான் போக வேண்டும், தோணியில் நானும் இருக்க வேண்டும் என்று ஐயா முன்கூட்டியே சொல்லிவிட்டார். தோணி ஊன்ற யார் என்று கேட்டேன். சின்னத்தம்பி என்றார். செங்கலடி மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை அவர். கந்தோரில் தோணி ஊன்றத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். காரணம் சொல்லி மறுத்தால் கனகம்மா அக்காவை நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

கல்லடிப் பாலத்தடியிலிருந்து புறப்பட்டோம். ஐயா நடுவில், மடியில் ஒரு பலகை, அதன் மேல் குறிச்சியின் வரைபடம். ஒவ்வொரு வளவுக்கும் ஒரு சதுரம், புகை எழும் இடத்தில் ஒரு புள்ளி. தென்னம்பொச்சு எரியும் புகை கிடுகு இடுக்குகளால் கசிந்து தாழ்வாகக் கிடந்தது. முன்வீட்டுக் குசினியில் ஒன்று, பின்பத்தியில் ஒன்று, சில வளவில் மூன்று. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் குறித்தார். சில பத்திகளில் ஆள் நடமாட்டம் இருந்தும் புகையில்லை. அவற்றுக்கு ஐயா வெறும் வட்டம் போட்டார். அந்த வட்டங்களுக்காகவே அடுத்தடுத்த நாட்களும் போனோம். ஒரு நாள் பழஞ்சோறு இருந்திருக்கலாம். போன நாளெல்லாம் புகை வராவிட்டால் அது வேறு விஷயம் என்றார்.

கனகம்மா அக்காவின் பத்தியில் போன நாளெல்லாம் வட்டம்தான். எனக்குத் தந்த பாலும் சீனியும் நினைவுக்கு வந்தன. அந்தத் தேத்தண்ணி எங்கே கடன்பட்டு வந்ததோ. தோணியில் இருந்தபடியே கண் கலங்கிவிட்டது. குடையைச் சரித்து மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சின்னத்தம்பி அண்ணனைக் கவனித்தேன். கரையைப் பார்த்து நின்று கம்பு ஊன்றுவதுதான் சுலபம். அவர் முதுகைக் கரைக்குக் காட்டி, வாவியின் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே ஊன்றினார். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. கடைசி நாள் ஐயா இறங்கிப் போனபிறகு, தோணியைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

“என்ட அம்மாவும் குசினிக்குப் பின்னாலதான் மிஸ் இரிக்கிறா. நம்மட பக்கத்தில ஆருக்குத் தெரியாது? ஆளுக்காள் தெரியிறது பறவாயில்ல. ஊருக்கு முன்னால சொல்லக்குடாது. அவ்வளவுதான்.”

அந்த மனிதரைப் பற்றி நான் பயந்த பயத்தை நினைத்து எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

தாள்களைத் திருத்தினோம். அடுப்புக்கு ஒரு தாள், புகை இல்லாத வட்டத்துக்கும் ஒரு தாள், பெயருக்குப் பதில் இலக்கம். ஏழாம் குறிச்சி மளமளவென்று இறங்கி வரிசையின் அடிக்குப் போனது. தலைமைக் கந்தோர் ஏற்றுக்கொண்டது. குறிச்சியின் மேற்பக்கத்தில் ஒரு மணல்மேடு, அரசாங்கக் காணி. அங்கே வெட்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்று எல்லாருக்கும் தெரியும், வெட்டத்தான் யாருக்கும் உரிமையில்லை. அந்த மேட்டில் கிணறு என்று கட்டளை வந்தது. கட்டும் வேலையில் ஊர் மேசன்மார் சிலரைச் சேர்த்தார்கள். தம்பிராசாவும் அதில் ஒருவர். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

கொண்டாட்டம் கட்டளையின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கும்வரைதான். கிணற்றுக் கட்டில் ஒரு கருங்கல் பதிக்க வேண்டும். மிகவும் பின்தங்கிய குடும்பங்கள் வாழும் பகுதிக்காக அமைக்கப்பட்டது என்று குறிச்சியின் பெயரோடு அதில் வெட்ட வேண்டும். கல் பதிக்கப்பட்டதை எங்கள் பிரிவின் தலைவர் நேரில் பார்த்து உறுதிப்படுத்தினால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். ஐயா ஆட்சேபித்து எழுதினார். எல்லா இடத்துக்கும் ஒரே விதி என்று பதில் வந்தது. கல் வெட்டுபவனிடம் அந்த வாசகத்தைக் கொண்டுபோனது சின்னத்தம்பி அண்ணன். போகும் வழியில் படித்துவிட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தார். “மிஸ், இத செங்கலடியில என்ட மச்சாள் பாத்தா என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

செய்தி அன்றைக்கே குறிச்சிக்குப் போய்விட்டது. கிணறு கட்டும் இடத்துக்கு நான் போனபோது பெண்கள் கூடி நின்றார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அந்தக் கல் இருக்கும்வரை இந்தக் கிணற்றில் ஒரு குடமும் அள்ளமாட்டோம், பழையபடி கோயில் பக்கம் நடப்போம் என்று அமைதியாகச் சொன்னார்கள். வீம்புக்குச் சொல்லவில்லை, அந்தக் குறிச்சியில் கல்யாணம் பேசாத வீடு எது? கனகம்மா அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒருத்தர்ட பேரும் எழுதமாட்டன் எண்டாய். எழுதல்லதான். முழுக் குறிச்சியையும் எழுதிப்போட்டியே, புள்ள.”

இத்தனை வருடத்தில் என்னை மேலதிகாரிகள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் அப்படி இறங்கவில்லை. ஆளை மறைத்தால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆட்கள் ஒரு இடத்தில் இருக்கிறார்கள், அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர்களுக்குப் பெண் எடுப்பார்கள், வேலை கொடுப்பார்கள், கொடுக்காமலும் விடுவார்கள். தலைமைக் கந்தோருக்குத் தெரியாதது இருக்கட்டும். எங்களுக்குமா தெரியாது?

கிணறு கட்டி முடிந்தது என்று அறிவித்தல் வந்ததும் ஐயாவும் நானும் போனோம். உறுதிப்படுத்தும் தாளை நான் கொண்டுபோனேன். கல் வண்டியில் வந்து இறங்கிய அன்று சின்னத்தம்பி அண்ணனும் கூடவே வந்து தம்பிராசாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று வழியில் யாரோ சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வட்டமான கட்டு, சுற்றிவரச் சீமெந்து, துளி வெடிப்பில்லை. கட்டின் மேல், அள்ளுகிற பக்கத்தில், ஒரு கருங்கல் படுக்கையாகப் பதித்திருந்தது. மேற்பரப்பு வழவழப்பாக, குடம் வைக்க வாகாக இருந்தது. எழுத்து ஒன்றையும் காணோம். நான் சுற்றி நடந்து தேடினேன். தம்பிராசா சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டு நின்றார். ஐயாவின் முகத்தை நேராகப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்.

“கல்லு வெக்கச் சொன்னாங்க, வெச்சிட்டன் ஐயா. எந்தப் பக்கம் மேல இரிக்கணும் எண்டு ஆரும் சொல்லல்ல.”

எழுத்து முழுவதும் அடியில், சாந்துக்குள் முகம் குப்புறக் கிடந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஐயா என்ன செய்யப்போகிறார் என்று பயமும் வந்தது. அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றி எழுதாத மனிதர். கல் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை என்று எழுதினால் கட்டை உடைத்துத் திருப்பி வைக்கச் சொல்வார்கள். கனகம்மா அக்கா கொஞ்சம் தள்ளி, இடுப்பில் வெறுங்குடத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் மூன்றாவது மகள் நின்றாள்.

ஐயா கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு கனகம்மா அக்காவின் பக்கம் திரும்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

அக்கா ஒரு கணம் தயங்கினார். பிறகு வந்து அள்ளி ஒரு செம்பில் கொடுத்தார். அந்தக் கிணற்றில் அந்தக் குறிச்சிப் பெண் ஒருத்தி அள்ளிய முதல் தண்ணீர் அதுதான். யாரும் குடத்தோடு ஓடவில்லை. கேட்டதும் வந்தது. ஐயா நின்றபடியே முழுவதையும் குடித்தார். செம்பைக் கொடுத்துவிட்டு, கல் இறுக்கமாக இருக்கிறதா என்று தம்பிராசாவிடம் கேட்டார். நல்ல இறுக்கம் ஐயா, பேத்துத்தான் எடுக்கணும் என்றார் அவர்.

நாங்கள் வழக்கம்போல மரநிழலுக்குப் போனோம். கல் உறுதியாகப் பதிக்கப்பட்டுள்ளது என்று ஐயா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கந்தோருக்கு வந்ததும் தட்டச்சுச் செய்வதற்காக அந்தத் தாளை என் மேசையில் கவிழ்த்து வைத்தார். பழக்கதோஷம், நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“இந்தமுறை போக வேண்டாம், பிள்ளை. இருங்கோ” என்றார்.

செங்கலடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அந்தக் கல்லில் குந்தியிருந்துதான் கால் கழுவினாராம். இந்தப் பக்கம் எல்லா இடமும் உப்பு, இங்கே தண்ணீர் இனிக்கிறது, இப்படியான இடத்தில் மகன் இருந்தால் நல்லது என்றாராம். பக்கத்தில் நின்ற சின்னத்தம்பி அண்ணன் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்த வீடு யன்னல் மட்டத்துக்கு மேல் எழும்பிக் கிடுகுக் கூரையோடு கல்யாணம் நடந்தது. ஓடு எழுபதுகளில்தான் ஏறியது, அதுவும் மருமகன் போட்டது.

பிறகு நானே பிரிவுக்குத் தலைவியானேன், தாளைக் கவிழ்ப்பதையும் தண்ணீர் கேட்பதையும் எனக்குப் பின் வந்தவர்களுக்கும் பழக்கினேன், எத்தனையோ வரிசைகள் போட்டேன். கிணறு, கிளினிக், பாடசாலைக் கட்டடம். எங்கே கொடுக்க வேண்டும் என்பதை அளக்கத்தான் வேண்டும். அளக்காமல் விட்டால் சத்தம் கூடியவனுக்குத்தான் எல்லாம் போகும். ஆனால் அளந்ததைக் கந்தோருக்குள் வைத்துக்கொள்ள நான் ஒவ்வொரு தரமும் சண்டை பிடித்தேன். பாதிச் சண்டை தோல்விதான்.

வந்த பெண்ணிடம், இந்தச் சிவப்புப் படம் எங்கே தொங்கப்போகிறது என்று கேட்டேன். செயலகத்து வாசலில் மிஸ், பெரிதாக அச்சடித்து, பொதுமக்கள் எல்லாரும் பார்க்கும்படி என்றார். கல்யாணப் பதிவுக்கு வருகிறவர்களும் அந்த வாசலால்தானே வருகிறார்கள் என்றேன். ஓம் என்றார். அந்த அடர்சிவப்புத் துண்டில் கனகம்மா அக்காவின் பேத்தியுடைய மகள் ஒருத்தி இருக்கிறாள், இப்போது அவளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

அந்தப் பெண் அந்தத் துண்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தாங்கோ என்று என் மகளிடம் கேட்டார்.